பட்டாசு வெடிக்கிறது, படம் ஓடவில்லை!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பாட்டு கேட்போம், போட்டோ பார்ப்போம். அடுத்த மாதமே, வீடியோவில் எழுத்து பறக்க வேண்டும், பின்னணி மாற வேண்டும் என்று ஆசை வந்துவிடும். இதற்கென்று உள்ளவைதான் மோஷன் கிராபிக்ஸ், காம்போசிட்டிங் சாப்ட்வேர்கள். பல படங்களைக் கண்ணாடித் தாள்கள் போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே காட்சியாக்குவதற்குப் பெயர்தான் காம்போசிட்டிங். இவற்றில் பலரும் அறிந்தது ஆப்டர் எபெக்ட்ஸ். 1993ல் அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனம் வெளியிட்ட இது, 1994ல் அடோபி நிறுவனத்தின் கைக்கு வந்தது. இப்போது சந்தா கட்டித்தான் பயன்படுத்த முடியும். காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்கு டாவின்சி ரிசால்வ் என்ற சாப்ட்வேரின் இலவசப் பதிப்பு இருக்கிறது. 2018 முதல் அதற்குள்ளேயே பியூஷன் என்ற காம்போசிட்டிங் பகுதியும் வருகிறது.

சிவகாசியில் என் சித்தி மகன் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள் டிசைன் செய்கிறான். தீபாவளிக்கு முன்பு ஒரு பட்டாசுக் கடைக்கு 30 வினாடி விளம்பரப் படம் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, முன்பணமும் வாங்கிச் செலவழித்துவிட்டான். அதன் பிறகுதான் எனக்கு போன் வந்தது. "அண்ணே, சாப்ட்வேர் கெட்டுப் போச்சு!" பத்து நாளில் ஏழெட்டு முறை இதையே சொன்னான். ஒரு முறைகூட சாப்ட்வேர் கெட்டிருக்கவில்லை.

முதல் கோளாறு, எதை மாற்றினாலும் திரையில் படம் மாறவில்லை என்பது. படத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றான். கடையின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்தவன், கேப்ஸ் லாக் விசையை அணைக்க மறந்திருக்கிறான். கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருந்தால் ஆப்டர் எபெக்ட்ஸ் திரையைப் புதுப்பிக்காது. இது கோளாறு அல்ல, வேண்டுமென்றே வைத்திருக்கும் வசதி. கீழே அறிவிப்பும் போடும். நாம்தான் படிப்பதில்லை.

பிரிவியூ ஏன் நொண்டுகிறது?

சினிமா பார்க்கும்போது தடையில்லாமல் ஓடும் கம்ப்யூட்டர், இங்கே மட்டும் ஏன் திக்குகிறது? சினிமா பைலில் படங்கள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. காம்போசிட்டிங்கில் ஒவ்வொரு பிரேமையும் அடுக்குகளிலிருந்து அப்போதுதான் கணக்குப் போட்டு உருவாக்க வேண்டும். உருவாக்கியதை ராம் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அதன் பிறகே சரியான வேகத்தில் ஓட்டும். டைம்லைனின் மேலே பச்சைக் கோடு வளர்வது இதற்காகத்தான். எனவே முதல் முறை மெதுவாகத்தான் ஓடும்.

எவ்வளவு ராம் தேவை என்பதை நீங்களே கணக்கிடலாம். 1920க்கு 1080 அளவுள்ள ஒரு பிரேமில் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வீதம் ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 8 எம்பி. வினாடிக்கு 25 பிரேம் என்றால் 200 எம்பி. அவனுடைய 30 வினாடிப் படத்துக்கு மட்டும் 6 ஜிபி! அவன் கம்ப்யூட்டரில் இருந்ததோ மொத்தமே 8 ஜிபி. அதில் விண்டோசுக்கும் பங்கு உண்டு. இன்றைய பதிப்புகளுக்கு அடோபி கேட்பதே குறைந்தது 16 ஜிபி.

உடனே ராம் வாங்க ஓட வேண்டாம். காம்போசிஷன் பேனலின் கீழே 'புல்' என்று இருப்பதை 'ஹாப்' ஆக்குங்கள். நீளமும் அகலமும் பாதியாவதால் வேலை கால்வாசியாகிவிடும், 6 ஜிபி ஒன்றரை ஜிபியாகிவிடும். கடைசியில் வரும் படத்தின் தரம் இதனால் குறையாது.

அச்சக வாசனை

அப்படியும் ஒரு காட்சியில் மட்டும் நினைவகம் போதவில்லை என்று நின்றுபோனது. பார்த்தால், 18க்கு 23 அங்குல காலண்டருக்காக 300 டிபிஐயில் செய்த படத்தை அப்படியே இழுத்துப் போட்டிருக்கிறான். 5400க்கு 6900 புள்ளிகள். ஒரு படமே கிட்டத்தட்ட 150 எம்பி விழுங்கும். வீடியோவுக்கு டிபிஐ என்பதே கிடையாது, எத்தனை புள்ளி என்பது மட்டும்தான் கணக்கு. அதோடு அச்சுக்கான படங்கள் சிஎம்ஒய்கே வண்ணமுறையில் இருக்கும், வீடியோவுக்குத் தேவை ஆர்ஜிபி. போட்டோஷாப்பில் அளவைக் குறைத்து, ஆர்ஜிபிக்கு மாற்றிய பிறகே கொண்டுவாருங்கள்.

தமிழ் எழுத்திலும் தகராறு வந்தது. 'கொண்டாட்டம்' என்று அடித்தால் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துக்கான விருப்பத் தேர்வுகளில் தெற்காசிய மொழிகளுக்கான இயந்திரம் இருந்தால் அதைத் தேர்வு செய்யுங்கள். அவசரமென்றால் போட்டோஷாப்பில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்துவந்து ஒட்டிவிடலாம். அச்சகங்களில் புழங்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். இதற்கும் அதே வழிதான்.

வாணத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம்

இணையத்தில் பட்டாசு வீடியோ தேடிக்கொண்டிருந்தான். சிவகாசியில் உட்கார்ந்துகொண்டு பட்டாசு வீடியோவை வெளியில் தேடுவானேன்? இரவில் மொட்டை மாடியிலிருந்து செல்போனிலேயே எடுக்கச் சொன்னேன். எடுத்ததைக் கடைப் படத்தின் மேல் வைத்தால் கறுப்பு வானமும் சேர்ந்து வந்து கடையை மறைத்தது. இதற்கு வெட்டவோ கத்தரிக்கவோ வேண்டாம். எப்4 விசையைத் தட்டி, மோட் என்ற பத்தியில் 'நார்மல்' என்பதை 'ஸ்கிரீன்' ஆக்குங்கள். இந்த முறையில் கறுப்பு எதையும் மறைக்காது, வெளிச்சம் மட்டும் கீழே உள்ள படத்தோடு சேரும். புகையால் சாம்பல் நிறக் கட்டம் லேசாகத் தெரிந்தால், 'லெவல்ஸ்' எபெக்டில் இடப்பக்க முக்கோணத்தைச் சற்று வலப்பக்கம் தள்ளினால் அது கறுப்பில் அமுங்கிவிடும்.

புராஜெக்ட் பைலில் வீடியோ இல்லை

எல்லாவற்றிலும் பெரிய அடி இதற்குப் பிறகுதான் விழுந்தது. வேலையை என்னிடம் காட்ட, புராஜெக்ட் பைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு விருதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். திறந்தால் வாணவேடிக்கை இருக்க வேண்டிய இடத்தில் வண்ண வண்ணப் பட்டைகள். பைலின் அளவைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு எம்பி கூட இல்லை.

புராஜெக்ட் பைல் என்பது சமையல் குறிப்பு மாதிரி. எந்த வீடியோ எந்த டிரைவில் எந்த போல்டரில் இருக்கிறது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அதில் எழுதியிருக்கும். அரிசியும் பருப்பும் அதில் இல்லை. இடம் மாறியதுதான் காரணம் என்றால் கவலையில்லை. காணாமல் போன பைலின் மேல் ரைட் கிளிக் செய்து 'ரீபிளேஸ் புட்டேஜ்' மூலம் புதிய இடத்தைக் காட்டினால் போதும். ஆனால் இவன், "எல்லாம் புராஜெக்டுல ஏறிடுச்சேண்ணே" என்று, இடம் போதவில்லையென செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் மூன்று வீடியோக்களை அழித்திருந்தான். கடைக்காரரிடம் காட்டுவதற்காக முன்பே எடுத்த மாதிரிப் படம் ஒன்று மிஞ்சியிருந்தது. அதிலிருந்து இரண்டு காட்சிகளை மங்கலாகவாவது வெட்டி எடுத்தோம். மூன்றாவது போனது போனதுதான்.

வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவதற்கு முன் 'பைல்' மெனுவில் 'டிபென்டன்சீஸ்', அதில் 'கலெக்ட் பைல்ஸ்' என்பதை கிளிக் செய்யுங்கள். பயன்படுத்திய எல்லாவற்றையும் ஒரே போல்டரில் நகலெடுத்துக் கொடுக்கும். அந்த போல்டரைத்தான் கொண்டுபோக வேண்டும்.

கடைசியில் அவன் படத்தை வெளியே எடுத்தபோது 'லாஸ்லெஸ்' முறையைத் தேர்வு செய்ததில், 30 வினாடிக்கே பைல் 4 ஜிபியைத் தாண்டியது. பென் டிரைவில் காலி இடம் இருந்தும், பைல் மிகப் பெரிது என்று ஏற மறுத்தது. பேட்32 முறையில் பார்மட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே பைல் ஏறாது. எக்ஸ்பேட் முறைக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதால் முதலில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைக்காட்சியில் போட எச்.264 போதும் என்று மாற்றினோம். கடை காட்சி பளிச்சென்று வந்தது, வாணம் வெடிக்கும்போது மட்டும் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. இந்த முறை ஒவ்வொரு பிரேமிலும் முந்தைய பிரேமிலிருந்து மாறியதை மட்டும் எழுதித்தான் இடத்தை மிச்சப்படுத்துகிறது. கடைப் பலகை நகராது, எழுத ஒன்றுமில்லை. ஆயிரம் பொறி சிதறும்போது பிரேம் முழுவதும் மாறுகிறது, ஒதுக்கிய இடம் போதாமல் சதுரங்களாகிவிடுகிறது. பிட் ரேட்டை 20 மெகாபிட்டுக்கு உயர்த்தச் சொன்னேன். அப்போதும் 30 வினாடிக்கு 75 எம்பிதான் வந்தது. சங்குசக்கரம் சுற்றும்போதுகூட ஒரு சதுரம் தெரியவில்லை. மறுநாள் காலை கடைக்காரரிடம் கொடுத்து மீதிப் பணத்தை வாங்கிவிட்டான்.