நீந்துவோர் கைக்கடிகாரத்தை நம்பலாமா?

நேயர்களே, இவ்வாரக் கலந்துரையாடலில் எழுந்த கேள்வி இது: நீச்சல் குளத்தில் கைக்கடிகாரம் காட்டும் கணக்கு சரிதானா?

கடிகாரம் தூரத்தை நேராக அளப்பதில்லை. கைவீச்சையும் சுவரை உதைத்துத் திரும்பும் அசைவையும் உணர்ந்து, எத்தனை முறை குளத்தைக் கடந்தோம் என்று எண்ணுகிறது. அதை நாம் பதிந்த குள நீளத்தால் பெருக்குகிறது. 50 மீட்டர் குளத்துக்கு 25 என்று பதிந்தால், 1,000 மீட்டர் நீந்தியவருக்கு 500 என்றே காட்டும். பலகையைப் பிடித்துக் காலை மட்டும் அடித்தால், பல கடிகாரங்கள் எண்ணுவதே இல்லை.

இதயத் துடிப்பில்தான் அதிகக் கவனம் தேவை. தோலுக்கும் கடிகாரத்துக்கும் இடையே நீர் புகுந்தால், ஒளியால் அளக்கும் கணக்கு பிசகும். மருத்துவர் வரம்பு விதித்திருந்தால், கரையைப் பிடித்து நின்று நாடியை 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்கிப் பாருங்கள். நெஞ்சு படபடத்தால், கடிகாரம் என்ன காட்டினாலும் கரையேறிவிடுங்கள்.