தற்கொலை எண்ணமும் நம்பிக்கைப் பாடலும்

தற்கொலையைப் பற்றிப் பாடல் இயற்றலாமா என்னும் வினா திருப்பணியாளருக்குத் தயக்கம் தருவதாகும். அத்தயக்கம் காரணமற்றதன்று. தற்கொலைச் செய்திகள் நாளேடுகளின் முதற்பக்கத்தில் வெளிவந்தபின் தற்கொலைகள் மிகுந்தன என்பதை 1974ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமூகவியலார் டேவிட் ஃபிலிப்ஸ் எடுத்துக்காட்டினார். கேத்தேயின் புதினத் தலைவன் பெயரால் அதனை 'வெர்த்தர் விளைவு' என்று அழைத்தார்.

எனினும் இதற்கு மறுபுறமும் உண்டு. மோட்சார்ட்டின் 'மாயக் குழல்' என்னும் இசைநாடகத்தில் உயிரை மாய்க்கத் துணியும் பாப்பகேனோவை மூன்று சிறுவர் தடுத்து, அவனிடமுள்ள மணிகளை நினைவூட்டுகின்றனர். நெருக்கடியை ஒருவர் வென்று வாழ்ந்த வரலாறு பிறரையும் காக்கக்கூடும் என்று 2010ஆம் ஆண்டில் வியன்னா ஆய்வாளர்கள் கண்டு, அதற்குப் 'பாப்பகேனோ விளைவு' எனப் பெயரிட்டனர்.

2017ஆம் ஆண்டில் லாஜிக் என்னும் அமெரிக்கப் பாடகர் வெளியிட்ட பாடல் இதற்குச் சான்றாகும். அந்நாட்டுத் தற்கொலைத் தடுப்பு உதவித் தொலைபேசியின் அன்றைய எண்ணே அதன் தலைப்பு. வாழ விரும்பாதவனின் குரல் முதலில் ஒலிக்கிறது. அதைக் கேட்பவரின் குரல் அடுத்து வருகிறது. இறுதியில் அவன் வாழ விரும்புகிறான். இப்பாடல் மிகுதியும் கவனிக்கப்பட்ட 34 நாட்களில் அவ்வெண்ணிற்கு வழக்கத்தைவிட 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்தன. எதிர்பார்க்கப்பட்டதைவிட 245 தற்கொலைகள் குறைந்தன என்று 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. பாடல்தான் காரணம் என்று இதனால் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் இப்பயனை நாம் புறக்கணிக்கலாகாது.

இவ்வமைப்பு திருமறைக்குப் புதியதன்று. 13ஆம் சங்கீதம் 'எதுவரைக்கும்' என்னும் முறையீட்டில் தொடங்கி நம்பிக்கையில் முடிகிறது. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. ஆயினும் அது இறைவனை நோக்கிய மன்றாட்டு. விடியலைக் காணாதவனின் குரலுக்கும் வழிபாட்டில் இடமுண்டு என்பதே இதன் பொருள். துயருற்றவனைப் பேசவிடாமல் விரைந்து ஆறுதல் கூறும் பாடல் அவன் உள்ளத்தைத் தொடாது.

ஆகவே பாடல் இயற்றுவோர் மூன்று காரியங்களை மனத்திற்கொள்ளுதல் நலம். முதலாவது, தற்கொலை செய்யும் முறையையோ இடத்தையோ குறிப்பிடலாகாது. இரண்டாவது, அவ்வெண்ணமுடையோரைப் பாவிகளெனச் சாடலாகாது. மரணத்தை இளைப்பாறுதலாக மட்டும் வருணிக்கவும் ஆகாது. விசுவாசிக்கு மோட்ச நம்பிக்கையாக ஒலிக்கும் அடி, வாழ்வை வெறுத்தவன் செவியில் அழைப்பாக ஒலிக்கக்கூடும். மூன்றாவது, உதவிக்கு வழி காட்டவேண்டும். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு முதல் 14416 என்னும் 'டெலி மானஸ்' எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. பாடல் ஒலிக்கும் சபையில் அவ்வெண்ணையும் அறிவிக்கலாம்.

பாடலைக் கேட்டு ஒருவர் ஆயரின் இல்லக் கதவைத் தட்டக்கூடும். அவர் பேசுவதைப் பொறுமையாய்க் கேட்க ஆயத்தமாயிருக்கும் சபையே இத்தகைய பாடலைப் பாடும் தகுதியுடையது.