கருவியும் கைவினைஞரும்

புதிய மின்கருவி ஒன்றை நாடெங்கும் விற்பதற்கு முன், ஒரு சிறு வட்டாரத்தில் விற்றுப் பார்ப்பது தொழில் நிறுவனங்களின் வழக்கம். இதனைச் சந்தைச் சோதனை என்பர். எத்தனை கருவிகள் விற்றன என்பதை விற்பனைக் கணக்கு காட்டும். அவை ஏன் விற்றன, ஏன் விற்கவில்லை என்பதை அவற்றைக் கையாளும் தொழிலாளரே கூற இயலும்.

அமெரிக்க நாட்டின் தொழில் வரலாற்றில் இதற்குத் தக்க சான்று உண்டு. 1910-இல் பால்டிமோர் நகரில் தோன்றிய பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம், கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விசையும் கொண்ட மின்துளைப்பானால் புகழ்பெற்றது. 1984-இல் அது ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சிறு வீட்டுச் சாதனப் பிரிவை வாங்கியது. சமையலறைச் சாதனங்களில் காணப்பட்ட அதே பெயரைத் தாங்கிய கருவியைப் பணியிடத்திற்கு எடுத்துச் செல்லத் தொழிலாளர் தயங்கினர். அவர்களின் கருத்தை ஆராய்ந்தபோது, குறை கருவியின் திறனில் இல்லை, பெயரில்தான் உள்ளது என்பது புலனாயிற்று. 1992-இல் டிவால்ட் என்னும் பெயரில் மஞ்சள் நிறக் கருவிகள் வெளிவந்து பெருவெற்றி பெற்றன. பொறியாளரை மட்டும் வினவியிருந்தால், குறையற்ற மோட்டாரையே திருத்திக்கொண்டு இருந்திருப்பர்.

இத்தகைய சோதனையை நம் மாநிலத்தில் நடத்தத் தேனி மாவட்டம் ஏற்ற களமாகும். ஆண்டிபட்டிப் பகுதியின் வறண்ட நிலத்தில் எழும் தூசு, மோட்டாரின் காற்றுத்துளைகளை அடைக்கும். நெல்லும் திராட்சையும் விளையும் கம்பம் பள்ளத்தாக்கின் ஈரம், மின்காப்பைச் சோதிக்கும். போடிமெட்டை ஒட்டிய ஏலக்காய்த் தோட்டங்களில் நீண்ட கம்பிவடத்தின் வழியே மின்சாரம் பெறும்போது, மின்னழுத்தம் குறைந்து கருவியின் வேகம் தளரும். நகரத்துக் கடையில் சில நிமிடம் இயக்கிப் பார்ப்பவருக்கு இவை தெரியா.

கருத்துக் கேட்கும் முறையும் முதன்மையானது. கருவியை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு, "எப்படி இருக்கிறது?" என்று வினவினால், "நன்றாக இருக்கிறது" என்பதே விடையாகும், அது நன்றியுரையே அன்றி மதிப்பீடு ஆகாது. மின்பணியாளர், தச்சர், மோட்டார் பழுதுபார்ப்பவர் ஆகியோரிடம் கருவியைச் சில வாரங்கள் விட்டுவைத்து, அவர்கள் வேலை செய்யும் இடத்திற்கே சென்று காண வேண்டும். "எந்த வேலையின்போது இதனைக் கீழே வைத்துவிட்டுப் பழைய கருவியை எடுத்தீர்கள்?" என்னும் வினா உண்மையை வெளிக்கொணரும். விலை கொடுத்து வாங்க முன்வருகிறாரா என்பதும் ஒரு விடையே. மின்கசிவு பற்றி ஒருவர் கூறினாலும், பிறர் கருத்துக்குக் காத்திராமல் சோதனையை உடனே நிறுத்த வேண்டும்.

பெற்ற கருத்தின்படி திருத்திய கருவியை, முதலில் குறை கூறியவரிடமே மீண்டும் கொண்டு செல்வது முறை. நிறுவனத்திற்குக் கருவி ஒரு விற்பனைப் பொருள். நாள்கூலி பெறும் தொழிலாளிக்கோ, கருவி நின்றால் அன்றைய வருவாயும் நின்றுவிடும். ஆதலால் அவர் கூறும் குறையே நிறுவனம் முதலில் கேட்க வேண்டிய சொல்லாகும்.