சரக்கெடுக்கும்போது கேட்கும் கேள்வியை வைத்தியசாலையிலும் கேளுங்கள்

நோன்பு பிறக்க ஒரு மாதம் இருக்கும்போது, குருநாகல் மாவட்டத்தில் புடவைக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பெருநாளைக்குச் சரக்கெடுக்க எல்லோரும் ஓடித் திரியும் காலம் அது. "நானா, ஒரு மூன்று இலட்சம் கைமாற்றாக வேணும். புறக்கோட்டைக்குக் கொடுத்த செக் வாற கிழமை பேங்குக்குப் போகுது" என்றார். வியாபாரத்தில் நட்டமா என்று கேட்டேன். "வியாபாரம் அல்ஹம்துலில்லாஹ். வீட்டிலதான் சுகமில்லை" என்று தலையைக் குனிந்து கொண்டார்.

அவருடைய மனைவிக்கு எட்டு வருடமாக மாதவிடாய் நாட்களில் தாங்க முடியாத வலி. "எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே" என்று மாமியார் சொல்ல, வலி மாத்திரையோடு பல வருடங்கள் போயின. கடைக் கணக்கெழுதுவதும் அந்தச் சகோதரிதான். மாதத்தில் ஐந்தாறு நாட்கள் கணக்குப் புத்தகம் திறக்கப்படாமலே கிடக்குமாம். கடைசியில் வைத்தியர் சொன்ன பெயர் எண்டோமெட்ரியோசிஸ்.

கருப்பையின் உட்புறத் தோலைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சூலகத்திலும், குடலிலும், சிறுநீர்ப்பையிலும் ஒட்டி வளர்வதே இந்நோய். மாதாமாதம் அது வீங்கி, இரத்தம் கசிந்து, உள்ளுறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடுகிறது. பிள்ளைப்பேறு தாமதிக்கவும் இது ஒரு காரணம். கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது உண்டென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அப்படியானால் இதை வாசிக்கும் நம்மில் பலருடைய வீட்டிலும் இருக்கலாம். கல்யாணம் முடித்தால் சரியாகும், பிள்ளை கிடைத்தால் சரியாகும் என்று நாம் சொல்லி வருவது மருந்தாகாது.

நண்பர் முதலில் அரசாங்க வைத்தியசாலை கிளினிக்குக்குத்தான் போனார். ஹோர்மோன் மாத்திரை கொடுத்தார்கள். பின்னர் டைனோஜெஸ்ட், அதன் பின் மாதாந்த ஊசி. இந்த ஊசி எலும்பைப் பலவீனப்படுத்தும் என்பதால் நீண்ட காலம் போடுவதில்லை. நிறுத்தியதும் வலி திரும்பியது. பெரும்பாலானோருக்கு மருந்திலேயே வலி குறையும். குறையாதவர்களுக்குத்தான் சத்திரசிகிச்சை பற்றிய பேச்சு வரும். நண்பருக்கு அது வந்தது. காத்திருப்பு நீண்டது. "பிரைவட்டுக்குப் போ" என்றார்கள் உறவினர்கள்.

போனார். மூன்று வைத்தியர்களைச் சனல் பண்ணினார். மூவரும் புதிதாக ஸ்கேன் கேட்டார்கள். கடைசியில் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் லெப்பரஸ்கொப்பி நடந்தது. பில் ஆறு இலட்சத்தைத் தாண்டியது. நகை அடகுக்குப் போனது, சரக்குக்கு வைத்திருந்த பணமும் போனது. எட்டாவது மாதம் வலி மறுபடியும் வந்தது. பின்னர்தான் தெரிந்தது, அன்று சூலகக் கட்டியிலிருந்த நீரை மட்டும் எடுத்து, மேலே தெரிந்ததைச் சுட்டுவிட்டிருக்கிறார்கள். குடலில் ஒட்டியிருந்ததைத் தொடவே இல்லை. நீரை மட்டும் எடுத்த கட்டி மீண்டும் நிரம்புவது வழமை.

நான் நண்பரிடம் கேட்டேன்: "ஒரு ரோல் துணி வாங்க நான்கு கடை ஏறி இறங்குகிறீர். அளவு, சாயம், திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை எல்லாம் கேட்கிறீர். ஆறு இலட்சம் கட்டும்போது என்ன கேட்டீர்?" அவர் பதில் சொல்லவில்லை. அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வெள்ளைக் கோட்டைக் கண்டால் நம் எல்லோருடைய வாயும் அடைத்துவிடுகிறது.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, இந்த நோய்க்கான சத்திரசிகிச்சையை வைத்தியர் எந்தளவுக்குச் செய்து பழகியவர், சுடுவாரா அல்லது வெட்டி எடுப்பாரா? இரண்டாவது, குடலிலோ சிறுநீர்ப்பையிலோ இருந்தால் அதற்குரிய சத்திரசிகிச்சை நிபுணர் அன்று கூட இருப்பாரா? ஆழமாக ஒட்டியிருப்பதாகச் சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ முன்கூட்டியே எடுக்கப்படுமா? சாதாரண ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோயே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. மூன்றாவது, இன்னும் பிள்ளை வேண்டுமென்றால் சூலகத்துக்கு என்ன பாதிப்பு வரும்? நான்காவது, சொல்லும் தொகைக்குள் மயக்க மருந்து வைத்தியர், அறை, பயொப்ஸி எல்லாம் அடங்குமா? வயிற்றைத் திறக்க நேர்ந்தால் மேலதிகம் எவ்வளவு? ஐந்தாவது, பின்னர் எவ்வளவு காலம் மருந்து எடுக்க வேண்டும்?

சத்திரசிகிச்சைக் குறிப்பு, பயொப்ஸி அறிக்கை, ஸ்கேன் படங்கள் எல்லாவற்றின் பிரதியையும் கேட்டு வாங்கி ஒரே பைலில் வையுங்கள். பைல் இருந்தால் அடுத்த வைத்தியர் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கருப்பையை எடுத்தால் எல்லாம் முடிந்தது என்று சொன்னால் இன்னொருவரிடமும் அபிப்பிராயம் கேளுங்கள். வெளியே ஒட்டியிருப்பதை எடுக்காவிட்டால் வலி தொடரலாம்.

நமது நாட்டில் மாலையில் பிரைவட்டில் இருக்கும் நிபுணர்களில் அநேகர், காலையில் அரசாங்க வைத்தியசாலையில் இருப்பவர்களே. பிரைவட்டில் நாம் பணம் கொடுப்பது பெரும்பாலும் நேரத்துக்கும் வசதிக்கும்தான். சிக்கலான சத்திரசிகிச்சை என்றால் பல துறை நிபுணர்களும், இரத்த வங்கியும், தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே இடத்தில் உள்ள பெரிய அரசாங்க வைத்தியசாலையே சில வேளை சிறந்தது. ஆகவே சனல் பண்ணி ஆலோசனை பெற்று, அதே நிபுணரின் அரசாங்க கிளினிக்கில் சேர முடியுமா என்று கேட்பதில் வெட்கமில்லை.

பெண் வைத்தியரைத் தேடுவது நமது வழக்கம், நல்லதே. ஆனால் இந்த நோயில் பழகிய பெண் வைத்தியர் கிடைக்காவிட்டால் அதற்காக வருடக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். பரிசோதனையில் தாதி கூட இருக்கும்படி கேட்கலாம், கணவரும் இருக்கலாம். ஹோர்மோன் மருந்தால் இடையிடையே இரத்தம் பட்டால் தொழுகை, நோன்பு பற்றிப் பெண்கள் குழம்பிப் போகிறார்கள். அதை ஓர் ஆலிமிடம் கணவர் கேட்டுச் சொல்வது கடமை.

இனி பணம். உத்தியோகத்தருக்குத் தொழில் தருபவர் காப்புறுதி கொடுப்பதுண்டு. வியாபாரிக்கு யார் கொடுப்பார்? தகாஃபுலோ காப்புறுதியோ எடுப்பதானால் நோய்க்குப் பெயர் வருமுன் எடுங்கள். ஏற்கனவே உள்ள நோய்க்கு அநேகமாகக் கொடுக்க மாட்டார்கள், காத்திருப்புக் காலமும் உண்டு. நோயை மறைத்து எடுப்பது பொய், பணமும் கிடைக்காது. 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து சில மாதங்களில் முந்நூற்றறுபதுக்குப் போனபோது இறக்குமதி மருந்து எப்படி ஏறியது என்பது மறக்கக் கூடியதல்ல. லாபத்தில் ஒரு சிறு பங்கை மாதாமாதம் வைத்தியத்துக்கென்று வேறாக வையுங்கள். கடன்காரனின் பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நண்பரை அன்றே புறக்கோட்டைக்கு அழைத்துப் போனேன். செக் திரும்பிய பிறகு போவதை விட, திரும்புமுன் போய் உண்மையைச் சொல்வதே மரியாதை. மொத்த வியாபாரி செக்கை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் பிந்திய திகதி போட்டுத் தரச் சொன்னார். "எனக்கும் மகள்மார் இருக்காங்க" என்றார். நான் ஒரு தொகையைக் கர்ழன் ஹஸனாகக் கொடுத்தேன்.

அந்தச் சகோதரி பைலோடு கொழும்பில் ஒரு போதனா வைத்தியசாலைக்குப் போனார். குடல் நிபுணரும் சேர்ந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். முழுமையாகக் குணம் என்று வைத்தியர் சொல்லவில்லை, நோய் திரும்பவும் கூடும். ஆனாலும் இப்போது மாதம் முழுவதும் கணக்குப் புத்தகம் திறந்திருக்கிறது.

எட்டு வருடம் அந்த வலியை அவர் வாய் திறந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கேட்கத்தான் ஆள் இருக்கவில்லை. இன்றிரவு கடை பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அல்லாஹ் எல்லா நோயாளிகளுக்கும் ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.