சிகாகோவை முந்திய பம்பாய் ராகங்கள்

உலகம் 'ஆசிட் ஹவுஸ்' என்ற பெயரைக் கேட்பதற்கு 5 ஆண்டுகள் முன்பே, அதே ஒலியை ஒரு பம்பாய்க் கலைஞர் இசைத்தட்டில் பதிந்தார். அதைக் கேட்க ஆள் வர 20 ஆண்டுகள் பிடித்தன.

விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம், கோவளம் கடற்கரையின் தென்கோடிப் பாறை மேல் நிற்கிறது. பொழுது சாய்ந்து விளக்கு சுழலத் தொடங்கினால், கீழே உணவகங்களின் ஒலிபெருக்கிகளும் விழித்துக்கொள்ளும். அந்த இரைச்சலில் தனியாகத் தெரிவது ஒரே சீரான தாளம். நிமிடத்துக்கு 120 அடி, ஓர் அடி கூடாமல் குறையாமல். இதுதான் 'ஹவுஸ்'. ஐரோப்பியப் பயணிகளோடு விமானத்தில் வந்திறங்கிய சரக்கு என்றே கரையில் நிற்பவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் முழு உண்மையல்ல.

ஹவுஸ் பிறந்தது அமெரிக்காவில். சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்ற நடன அரங்கில் 1977 முதல் இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். அரங்கின் பெயரில் பாதியே இசைக்கும் பெயராயிற்று. அங்கிருந்து அது இங்கிலாந்துக்குப் போய், பிரான்ஸில் தனி மவுசு பெற்றது. பிரெஞ்சுக்காரர் லோரான் கார்னியே 1987-ல் மான்செஸ்டர் நகரின் 'ஹசியெண்டா' கிளப்பில் இசைத்தட்டு சுழற்றத் தொடங்கினார். பின்னர் பாரிஸில் 'ரெக்ஸ்' கிளப்பின் நாயகனாகி, 1994-ல் கூட்டாளி ஒருவருடன் சொந்த இசைத்தட்டு நிறுவனமும் தொடங்கினார். 2017-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 'லெஜியன் ஆஃப் ஹானர்' விருது தந்தது. இசைத்தட்டுச் சுழற்றுபவருக்கு நாட்டின் உயரிய விருது!

அவருக்கு அடுத்த தலைமுறையில் இரண்டு பாரிஸ் இளைஞர்கள் 'டாஃப்ட் பங்க்' என்ற பெயரில் கிளம்பினார்கள். 1995-ல் வெளியான அவர்களின் 'டா ஃபங்க்' பாட்டில் குழைந்து குழைந்து கீச்சிடும் ஓர் ஒலி வரும். அது டிபி-303 என்ற சின்னஞ்சிறு ஜப்பானியப் பெட்டியின் குரல். அந்தக் குரலை அவர்களுக்கு 13 ஆண்டுகள் முன்பே பம்பாயில் பேச வைத்தவர் சரண்ஜித் சிங்.

சிங் இந்தித் திரையுலகின் வாத்தியக் கலைஞர்களில் ஒருவர். ஆர்.டி. பர்மன் உள்ளிட்ட இசையமைப்பாளர்களுக்கு கிட்டாரும் கீபோர்டும் வாசித்தார். படத்தின் பெயர்ப் பட்டியலில் இடம் கிடைக்காத, ஆனால் பாட்டுக்கு உயிர் கொடுக்கிற கூட்டம் அது. பதிவு இல்லாத நாட்களில் சொந்தக் குழுவோடு கல்யாணக் கச்சேரிகள். நடுவே, திரைப்பாடல்களை வாத்தியத்தில் வாசித்த இசைத்தட்டுகள். அவருக்கு இன்னொரு பித்தும் இருந்தது. புதிதாக எந்த மின்னணு வாத்தியம் வந்தாலும் வாங்கிவிடுவார்.

இறக்குமதி எளிதாக இல்லாத காலம். ஒரு சிங்கப்பூர் பயணம் அவருக்கு வழி திறந்தது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் தயாரித்த மூன்று கருவிகள் அவர் கைக்கு வந்தன: ஜூபிடர்-8 சிந்தசைசர், டிஆர்-808 தாளப்பெட்டி, டிபி-303. மூன்றும் அப்போது சந்தைக்குப் புதியவை.

இதில் டிபி-303-ன் கதை விசித்திரமானது. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்குப் பக்கத்துணையாக பேஸ் வாசிக்க உருவாக்கப்பட்ட கருவி அது. அசல் பேஸ் கிட்டார் போல அது ஒலிக்கவே இல்லை. சுமார் 10,000 பெட்டிகள் செய்த பிறகு, 1984-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. ஸ்வரங்களை வரிசையாக எழுதி வைத்தால் ஓயாமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். வேண்டிய இடத்தில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும். மேற்கத்திய காதுக்கு அது ரப்பரை இழுத்த மாதிரி. கமகத்தில் ஊறிய நம் காதுக்கோ பழகிய வழுக்கல்.

1982. நாடெங்கும் டிஸ்கோ காய்ச்சல். 'குர்பானி' படத்தில் நாஜியா ஹசன் பாடிய பாட்டு 1980-லேயே பற்ற வைத்த தீ அது. 1982 முடிவதற்குள் 'டிஸ்கோ டான்சர்' வந்தது; தமிழிலும் அது 1985-ல் 'பாடும் வானம்பாடி' ஆனது. எல்லோரும் சினிமாவுக்கு டிஸ்கோ போட்டுக்கொண்டிருக்க, சிங்குக்கு வேறு யோசனை. தபலாவை எடுத்துவிட்டு, ராகத்துக்கு டிஸ்கோ தாளம் போட்டால் என்ன?

ஹெச்.எம்.வி. வெளியிட்ட அந்த இசைத்தட்டின் பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. பைரவ், லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி என்று பத்து ராகங்கள். தமிழ் ரசிகருக்கு இவற்றில் பல வீட்டுப் பிள்ளைகளே. பூபாலி நம் மோகனம்; யமன் கல்யாணி; மால்கௌன்ஸ் ஹிந்தோளம்; பைராகி ரேவதி; பைரவ் மாயாமாளவகௌளைக்கு உறவு. 808 தாளம் தட்ட, 303 அடியில் சுழல, மேலே சிங்கின் விரல்கள் ராகத்தை விரிக்கின்றன. மேற்கத்திய பாட்டுபோல ஸ்வரக்கட்டு மாறிக்கொண்டே இருப்பதில்லை. ஒரே ஆதார சுருதி, ஒரே தாளம், மெல்ல மெல்ல ஏறும் மயக்கம். ஹவுஸ் இசையின் இலக்கணமும் ஏறக்குறைய இதுவேதான்.

தட்டு விற்கவில்லை. சாஸ்திரிய ரசிகருக்கு இது விளையாட்டு. டிஸ்கோ ரசிகருக்கு ஆட்டத்துக்கு இடையே பாட்டு இல்லையே என்ற குறை. சிங் கல்யாணக் கச்சேரிகளுக்குத் திரும்பினார்.

1987-ல் சிகாகோவில் 'ஃபியூச்சர்' என்ற குழுவின் இளைஞர்கள், மலிவாகக் கிடைத்த பழைய 303 ஒன்றின் குமிழ்களைத் திருகிக்கொண்டே 'ஆசிட் டிராக்ஸ்' என்ற இசையை வெளியிட்டார்கள். ஒரு புது வகைக்கே அது பெயர் வைத்தது. இங்கிலாந்து ஆடியது. பிரான்ஸ் ஆடியது. தொழிற்சாலை கைவிட்ட பெட்டிக்கு விலை ஏறிற்று.

பம்பாய்த் தட்டு கண்ணில் பட்டது 2002-ல். பழைய இசைத்தட்டுகளைத் தேடி டெல்லிக்கு வந்த டச்சுக்காரர் எடோ பவுமன் அதை வாங்கிக் கேட்டுத் திகைத்தார். பிறகு சிங்கைத் தேடி மும்பைக்கே வந்தார். 2010-ல் தனது 'பாம்பே கனெக்‌ஷன்' நிறுவனத்தின் மூலம் மறுபடி வெளியிட்டார். உடனே ஒரு சர்ச்சை. 1982-ல், அதுவும் இந்தியாவில், இப்படி ஓர் இசையா? யாரோ ஐரோப்பியர் செய்த குறும்பு என்றே பலர் சந்தேகித்தார்கள். பழைய தட்டும், அதை வாசித்த மனிதரும் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று.

அப்படியானால் ஆசிட் ஹவுஸின் தந்தை சிங்தானா? அந்தப் பட்டத்தைச் சூட்டச் சிலர் துடித்தார்கள். ஆனால் சிகாகோ இளைஞர்கள் இந்தத் தட்டைக் கேட்டதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஒரே கருவி இரண்டு ஊர்களில், ஒன்றையொன்று அறியாத கைகளில், ஒரே மாதிரி பேசியது என்பதே நியாயமான தீர்ப்பு. சிங்கும் அந்தப் பட்டத்துக்கு ஆசைப்பட்டவராகத் தெரியவில்லை. ராகத்துக்கு டிஸ்கோ தாளம் போட்டேன் என்பதே அவர் தந்த விளக்கம்.

கார்னியேவுக்கும் சிங்குக்கும் இடையே உள்ள தூரம் திறமையின் தூரமல்ல. கார்னியேவுக்கு ஆடுகளம் இருந்தது. இரவுதோறும் கூடும் கூட்டம் இருந்தது. புதிய தட்டை வாங்கிச் சுழற்ற சக கலைஞர்கள் இருந்தார்கள். சிங்குக்கு இருந்தது ஒரு பதிவுக்கூடமும் ஒரு யோசனையும்தான். வாசித்து முடித்ததும் அதைக் கையில் வாங்க எதிரே ஆள் இல்லை.

கடைசியில் ஆட்கள் வந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய சிங் ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை வாசித்தார். அவரது பேரப்பிள்ளைகள் வயதுள்ள கூட்டம் ஆடியது. 2015 ஜூலை 5 அன்று மும்பையில் அவர் காலமானார்.

கோவளம் கரையிலிருந்து தெற்கே பார்த்தால் விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுகம். 2025 மே மாதம் திறக்கப்பட்டது. பெரிய கப்பல்கள் வந்து நிற்க ஆழமான துறை போதாமல், நம் சரக்கு பெருமளவில் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போய்க் கப்பல் மாறி வந்த குறையைத் தீர்க்கவே இந்த ஏற்பாடு. சிங்கின் கதையும் ஒரு வகையில் அதுதான். சரக்கு 1982-லேயே தயார். ஏற்றிச் செல்லத்தான் துறை இல்லை.