லட்சம் கேமராக்களுக்கு யார் பூட்டு போடுவது? - ஓட்டையைத் தானே அடைக்கும் கோடிங்!

வாசலில் சிசிடிவி கேமரா, ஹாலில் வைஃபை ரூட்டர், சுவரில் ஸ்மார்ட் டிவி. இன்று பல வீடுகளில் இதெல்லாம் சகஜம். ஆனால், மாட்டிய நாளுக்குப் பிறகு அந்தக் கேமராவின் பாஸ்வேர்டை எத்தனை பேர் மாற்றியிருப்போம்?

'யாரு நம்ம வீட்டு கேமராவைப் பார்க்கப்போறா?' என்ற அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2016 அக்டோபர் 21-ம் தேதி உலகம் பார்த்தது. அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் தடுமாறின. இணைய முகவரிகளைக் கையாளும் 'டைன்' என்ற நிறுவனத்தின் சர்வர்கள் தாக்கப்பட்டதுதான் காரணம். தாக்குதலுக்குப் பயன்பட்டவை, வீடுகளிலும் கடைகளிலும் சும்மா இருந்த கேமராக்களும் ரூட்டர்களும்!

'மிராய்' என்ற மால்வேர் செய்தது எளிமையான வேலை. கம்பெனியிலிருந்து வரும்போதே கருவிகளில் இருக்கும் யூசர்நேம், பாஸ்வேர்டுகளில் 60-க்கும் மேற்பட்ட ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. திறந்துகொண்ட கருவிகளைத் தன் படையில் சேர்த்துக்கொண்டது. கருவியின் சொந்தக்காரருக்கு எதுவும் தெரியாது.

ஆடிட் மட்டும் போதுமா?

நம் வீட்டு கேமராவை நாம் சரிபார்த்துவிடலாம். லட்சக்கணக்கான கருவிகளை இன்டர்நெட்டில் இணைத்து வைத்திருக்கும் நிறுவனம் என்ன செய்யும்? அதற்குத்தான் செக்யூரிட்டி ஆடிட். அமேசானின் கிளவுட் சேவையில் உள்ள 'டிவைஸ் டிஃபெண்டர்' இதற்கு நல்ல உதாரணம்.

அங்கே ஒவ்வொரு கருவிக்கும் அடையாள அட்டை போல ஒரு டிஜிட்டல் சர்டிஃபிகேட் உண்டு. ஒரே சர்டிஃபிகேட்டை இரண்டு கருவிகள் பயன்படுத்துகின்றனவா, அது 30 நாள்களுக்குள் காலாவதி ஆகப்போகிறதா, கருவிக்குத் தேவைக்கு மேல் அனுமதி தரப்பட்டிருக்கிறதா... இப்படி தினமும் அல்லது வாரம் ஒருமுறை சோதித்து, குறைகளைப் பட்டியல் போட்டுவிடும்.

ஆனால், பட்டியல் எத்தனை நீளமாக இருந்தாலும் ஓட்டை அடைபடாதே! ஆயிரம் குறைகளை ஓர் இன்ஜினீயர் ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடிப்பதற்குள், திருடன் வந்துபோய்விடுவான். அதனால்தான் 'இந்தக் குறை வந்தால் இதைச் செய்' என்று முன்கூட்டியே எழுதிவைக்கிறார்கள். சந்தேகத்துக்குரிய கருவியைத் தனிக் குழுவுக்கு மாற்றலாம், சர்டிஃபிகேட்டை முடக்கலாம், அதிகப்படி அனுமதியைப் பறிக்கலாம். இன்னும் சிக்கலான வேலை என்றால், குறை பற்றிய தகவல் வந்ததும் ஓடும்படி தனியாக ஒரு புரோகிராமே எழுதிவிடலாம்.

அவசரப்பட்டால் ஆபத்து

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், சர்டிஃபிகேட்டை முடக்கினால் திருடனோடு சேர்ந்து கருவியும் வெளியே நிற்கும். அது தோட்டத்து விளக்கு என்றால் பரவாயில்லை. வீட்டுப் பூட்டு என்றால்?

2017 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் 'லாக்ஸ்டேட்' நிறுவனம், ஒரு மாடல் ஸ்மார்ட் பூட்டுக்கான அப்டேட்டைத் தவறுதலாக இன்னொரு மாடலுக்கு அனுப்பிவிட்டது. சுமார் 500 பூட்டுகளில் எண்களை அழுத்தித் திறக்கும் வசதி செத்துப்போனது. இன்டர்நெட் வழியாகவே அதைச் சரிசெய்யவும் முடியவில்லை. பூட்டின் ஒரு பகுதியைக் கழற்றி அனுப்புங்கள், அல்லது மாற்றுப் பூட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லவேண்டியதாயிற்று.

அதே மாதம் இன்னொரு சம்பவம். 'அபாட்' நிறுவனத்தின் சில பேஸ்மேக்கர்களில் பாதுகாப்புக் குறை இருந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,65,000 கருவிகள். சரிசெய்யும் அப்டேட் தயார். ஆனால், அதை வீட்டில் இருக்கும் நோயாளிக்கு இன்டர்நெட் வழியாக அனுப்பவில்லை. டாக்டரிடம் பேசி முடிவெடுத்து, நேரில் போய்த்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். வேலை என்னவோ சுமார் 3 நிமிடங்கள்தான். ஆனால், நடுவில் ஏதாவது தவறினால் பக்கத்தில் டாக்டர் இருக்க வேண்டுமே!

கோடிங் எழுதுபவர்களுக்கு இந்த இரண்டும்தான் பாடம். முதலில் பத்து கருவிகளில் போட்டுப் பார்ப்பது, தப்பானால் பழைய நிலைக்குத் திரும்ப வழி வைப்பது, உயிரோடு விளையாடும் இடத்தில் மனிதரின் சம்மதம் இல்லாமல் கை வைக்காமல் இருப்பது.

நாம் என்ன செய்யலாம்?

* புதுக் கருவி வாங்கியதும் முதல் வேலையாக அதோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள்.
* செட்டிங்ஸில் 'ஆட்டோ அப்டேட்' இருந்தால் ஆன் செய்யுங்கள்.
* 'எத்தனை வருஷத்துக்கு செக்யூரிட்டி அப்டேட் வரும்?' என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். பதில் கிடைக்காவிட்டால், வேறு பிராண்டைப் பாருங்கள்.

நிறுவனம் எவ்வளவு நல்ல கோடிங் எழுதினாலும், அப்டேட்டே வராத கேமராவுக்கு அது உதவாது.