பௌர்ணமிக் கணக்கு யாருடையது?

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் கும்பிட்டபடி மலையைச் சுற்றிவரும் பக்தர்களுக்கு அது வழிபாட்டுப் பாதை. சாலையோரம் தரைக்கடை போட்டும் தள்ளுவண்டி நிறுத்தியும் பிழைப்பவர்களுக்கு அது பௌர்ணமிக்குப் பௌர்ணமி முழுவீச்சில் நடக்கும் சந்தை. கற்பூரம், அகல் விளக்கு, ருத்ராட்சம், இளநீர், சுண்டல், கண்ணாடி வளையல் என்று சரக்கு பெரிதாக மாறவில்லை. காசு வாங்கும் விதம் மாறிவிட்டது. வண்டிக் கம்பியில் தொங்கும் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, பத்து ரூபாய்க் கற்பூரத்துக்கும் ஃபோனிலேயே பணம் கட்டுகிறார்கள். 2016 ஏப்ரலில் அறிமுகமான யுபிஐ, 2023 ஆகஸ்டில் முதல்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைக் கடந்தது. 2025 ஆகஸ்டில் 2,000 கோடியைக் கடந்தது. இதனால் சில்லறைத் தட்டுப்பாடு தீர்ந்தது என்பது எல்லோரும் சொல்வது. அதைவிடப் பெரிய ஒன்றும் நடந்திருக்கிறது. கணக்கு நோட்டே வைத்திராத வியாபாரிக்கு, அவர் கேட்காமலேயே, நாள் தவறாத விற்பனைக் கணக்கு ஒன்று உருவாகிவிட்டது. அந்தக் கணக்கால் இன்று அதிகம் பயன்பெறுபவர் அவர் அல்ல. அது முதலில் அவருக்குப் பயன்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விற்பனைப் பதிவுக்கு அப்படியென்ன மதிப்பு? கடந்த கால் நூற்றாண்டில் உலகச் சில்லறை வணிகத்தை மாற்றிப்போட்டதே அந்தப் பதிவுதான். அமேசான் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூவர் 2003-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பொருளை வாங்கியவர்கள் அதனுடன் வேறு எதையெல்லாம் வாங்கினார்கள் என்ற பழைய பதிவிலிருந்தே, அடுத்த வாடிக்கையாளருக்கு எதைப் பரிந்துரைக்கலாம் என்று கணிக்கும் முறையை அதில் விளக்கினார்கள். சீனாவில் 2015-ல் தொடங்கப்பட்ட மைபேங்க், சிறு வியாபாரிகளின் பரிவர்த்தனைப் பதிவைக் கொண்டே கடன் தருகிறது: விண்ணப்பிக்க மூன்று நிமிடம், முடிவெடுக்க ஒரு விநாடி, நடுவில் மனிதத் தலையீடு இல்லை. கென்யாவில் 2007-ல் வந்த எம்-பெசா, சாதாரண கைபேசி வழியாகப் பணம் அனுப்ப வழி செய்தது. அதன் பலனாக ஏறத்தாழ 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டதாக டவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் இருவரும் 2016-ல் சயன்ஸ் இதழில் மதிப்பிட்டார்கள். இந்த மூன்றிலும் தொழில்நுட்பம் வேறுவேறு. பலன் யாரிடம் சேர்ந்தது என்பதை ஒவ்வொன்றிலும் தீர்மானித்தது, பதிவை யார் படித்தார்கள், எதற்காகப் படித்தார்கள் என்பதே.

அந்தப் பதிவு பிறக்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நெய் விளக்குக் கடையில் தொங்கும் அட்டையில் எண்ணெய்க் கறை இருக்கும், கற்பூரப் புகை படிந்திருக்கும், ஓர் ஓரம் கிழிந்தும் போயிருக்கும். ஆனாலும் ஃபோன் அதைப் படித்துவிடுகிறது. இது தற்செயல் இல்லை. ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய குழுவினரும் 1994-ல் இந்தக் கியூஆர் குறியீட்டை உருவாக்கியது, எண்ணெயும் அழுக்கும் படியும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்காகத்தான். மூன்று மூலைகளில் உள்ள சதுரங்களின் மையம் வழியாக எந்தத் திசையில் கோடிழுத்தாலும் கறுப்பு, வெள்ளைப் பட்டைகள் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். அச்சில் மிக அரிதாகவே தென்படும் விகிதம் என்று தேடிப் பிடித்தது அது. அதனால் சுற்றிலும் எத்தனை எழுத்தும் படமும் இருந்தாலும் கேமரா குறியீட்டை உடனே அடையாளம் காண்கிறது. உள்ளே இருக்கும் தகவலோடு பிழை திருத்தும் கூடுதல் தகவலும் சேர்த்தே அச்சாகிறது. இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் 1960-ல் தந்த முறை இது. இதன் மிக உயர்ந்த நிலையில், குறியீட்டின் தகவலில் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் மீதியைக் கொண்டு முழுவதையும் மீட்டுவிடலாம். டென்சோ காப்புரிமை வைத்திருந்தும், யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. ஒரு தொழிற்சாலைக் குறியீடு தரைக்கடை வரை வந்து சேர்ந்ததற்கு அந்தப் பெருந்தன்மையும் ஒரு காரணம்.

அட்டையில் பணம் பற்றிய தகவல் எதுவும் இல்லை. வியாபாரியின் யுபிஐ முகவரியும் பெயரும்தான் உண்டு. பக்தர் தொகையைப் போட்டு ரகசிய எண்ணை அழுத்தியதும், கோரிக்கை அவருடைய செயலியிலிருந்து, யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. அமைப்பின் கணினிக்குப் போகிறது. அங்கிருந்து பக்தரின் வங்கிக்குச் சென்று பணத்தைக் கழிக்கிறது. பிறகு வியாபாரியின் வங்கியில் வரவு வைக்கிறது. பணம் வந்துவிட்டது என்று உரக்கச் சொல்லும் பெட்டிக்கு இதில் எந்த வேலையும் இல்லை; தனக்குள் இருக்கும் சிம் கார்டு வழியாக வரும் செய்தியை அது வாசித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிவர்த்தனைக்கு வியாபாரியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அரசின் விதி. அப்படியென்றால் செயலி நிறுவனங்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பெட்டியின் வாடகை, விளம்பரம், கடன் ஏற்பாடு ஆகியவற்றிலிருந்து வருகிறது. யாருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்று கணிக்க உதவுவது அந்த வியாபாரியின் வரவுப் பதிவு. அவர் கையில் இருப்பதோ செயலியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் நீண்ட பட்டியல் ஒன்று மட்டுமே.

அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊரே நல்ல சான்று. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் சராசரி இடைவெளி 29.53 நாள். வங்கிக் கணக்கு ஓடுவது ஆங்கில மாதப்படி. 2023 ஆகஸ்டில் மாதத் தொடக்கத்தில் ஒரு பௌர்ணமியும் மாதக் கடைசியில் இன்னொன்றும் வந்தன. கிரிவலப் பாதை வியாபாரி ஒருவரின் அந்த ஆண்டுக் கணக்கை மாதவாரியாகப் பார்க்கும் அதிகாரிக்கோ கணினி நிரலுக்கோ, ஆகஸ்டில் விற்பனை ஏறி செப்டம்பரில் சரிந்ததாகத்தான் தோன்றும். நிலையற்ற வருமானம், கடன் தருவது ஆபத்து என்று முடிவு கட்டிவிடலாம். அதே கணக்கைப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரிசைப்படுத்தினால், சீராக நடக்கும் ஒரு தொழில் கண்ணில் படும். சித்ரா பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் அதன் உச்சங்கள். பெருநிறுவனங்கள் அடுத்த மாதம் எவ்வளவு விற்கும் என்று கணிக்கப் பெரும் செலவு செய்கின்றன. இங்கே கூட்டம் வரும் நாளைப் பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இவ்வளவு தெளிவாக முன்னறியத்தக்க சந்தையில் நிற்பவரை நிலையற்றவர் என்று ஒதுக்கினால், குறை கணக்கில் இல்லை, படித்தவரிடம் இருக்கிறது.

வியாபாரிக்கு இதனால் என்ன ஆகப்போகிறது, மனக்கணக்கே போதாதா என்று கேட்கலாம். வியாபாரம் நடத்த மனக்கணக்கு போதும். கடன் வாங்கப் போதாது. தீபத்துக்கு முன்பு சரக்கு எடுக்க முதல் வேண்டும், அது மொத்தமாக வேண்டும். காட்டுவதற்குக் காகிதம் இல்லாதவர் தண்டல்காரரிடம்தான் போகிறார். காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளுக்கு வட்டி 11 சதவீதம்! தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே வந்துவிட்டது. ஆனால் தடை மட்டும் மாற்று வழியைத் தந்துவிடாது. 2020 ஜூனில் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டம் நல்ல தொடக்கம்: முதலில் 10,000 ரூபாய் பிணையில்லாக் கடன், ஒழுங்காகக் கட்டினால் அடுத்தடுத்து அதிகம். 2025-ல் முதல் தவணை 15,000 ரூபாயாக உயர்ந்தது. டிஜிட்டலில் பணம் வாங்கினால் ஊக்கத்தொகையும் உண்டு. ஆனால் எல்லோருக்கும் தொகை ஒன்றே; அவரவர் விற்பனைக்கும் பருவத்துக்கும் ஏற்றதாக அது அமைவதில்லை. பௌர்ணமிக் கணக்கு அந்தக் குறையைத் தீர்க்கும். தீபத்துக்கு ஒரு மாதம் முன்பு கடன், தீபம் முடிந்ததும் திருப்பிச் செலுத்துவது என்று தவணையையே பருவத்துக்கேற்ப அமைக்க முடியும்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பதிவு இருந்தால் வரித்துறையும் அதைப் பார்க்குமே! இது வெறும் பயம் இல்லை. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவை அடிப்படையாக வைத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டுமே என்று எழுதி வைத்தன. எதிர்ப்பு எழுந்த பிறகே பழைய பாக்கி வசூலிக்கப்படாது என்று முதலமைச்சர் சித்தராமையா அறிவித்தார். ஆனால் சட்டம் சொல்வது என்ன? பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கிரிவலப் பாதையில் விற்கும் மண் அகல், கண்ணாடி வளையல், குங்குமம், திருநீறு, ருத்ராட்சம், இளநீர் ஆகியவற்றுக்கு வரியே கிடையாது. வரிவிலக்குப் பொருள்களை மட்டுமே விற்பவர் பதிவு செய்யவும் வேண்டாம். இதை வியாபாரிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது அரசின் கடமை. மகன் அனுப்பிய பணமும் கைமாற்றாக வந்த பணமும் வியாபார வரவோடு கலந்து கிடக்கும் கணக்கைப் பார்த்துக் கணினி தானாக நோட்டீஸ் அனுப்பினால், ஓர் ஊரே ரொக்கத்துக்குத் திரும்பிவிடும். அப்போது கடனுக்கான வழியும் அடைபட்டுப் போகும். பதிவு அவருக்குத் தெரிந்ததாகவும் தெளிவானதாகவும் இருந்தால், தவறான நோட்டீஸுக்குப் பதில் சொல்ல அவரிடம் இருக்கும் முதல் ஆதாரமும் அதுதான்.

இன்னொரு மறுப்பு: கூட்டம் அலைமோதும் இரவில் சிக்னலே கிடைப்பதில்லை, இதை நம்பி எப்படி வியாபாரம் செய்வது? உண்மைதான். ஒரு பரிவர்த்தனைக்குத் தேவையான தகவல் மிகச் சிறியது. ஆனால் அதை அனுப்புமுன் ஒவ்வொரு ஃபோனும் கோபுரத்திடம் இடம் கேட்க வேண்டும். 4ஜி முறையில் ஒரு செல்லுக்கு 64 அழைப்புக் குறிகள்தான் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு ஃபோன்கள் ஒரே குறியைத் தேர்ந்தெடுத்தால் மோதல் ஏற்பட்டு, மறுபடி முயல வேண்டும். லட்சக்கணக்கில் மக்கள் நடக்கும் சாலையில் இந்த மோதல் பெருகுகிறது. தீபத்துக்கும் பெரிய பௌர்ணமிகளுக்கும் தற்காலிகக் கோபுரங்களை நிறுத்துவது இதற்கு ஒரு தீர்வு. வங்கியின் முதன்மைக் கணினியைத் தொடாமல் 1,000 ரூபாய் வரை செலுத்த உதவும் யுபிஐ லைட், வங்கிப் பக்கம் ஏற்படும் தாமதத்தையாவது குறைக்கும். ரொக்கமும் இருக்கத்தான் வேண்டும்; ஃபோன் இல்லாத முதியவர் கற்பூரம் வாங்க முடியாத நிலை வரவே கூடாது. ஏமாற்று வேலையும் நடக்கிறது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், கடைகளின் கியூஆர் அட்டைமேல் மோசடிக்காரர்கள் இரவோடு இரவாகத் தங்கள் அட்டையை ஒட்டிப் பணத்தைத் தங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் கடை திறந்ததும் தன் அட்டையைத் தானே ஒருமுறை ஸ்கேன் செய்து, யார் பெயர் வருகிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

ஆக, செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. வாடிக்கையாளர் சம்மதத்தோடு வங்கிக் கணக்கு விவரத்தைக் கடன் தருபவரிடம் பகிரும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறை 2021 செப்டம்பரிலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. அதைத் தரைக்கடை வரை கொண்டுவருவது வங்கிகளின் பொறுப்பு. செயலி நிறுவனங்கள் விற்பனைக் கணக்கைத் தமிழிலும், வியாபாரிக்குப் புரியும் வடிவிலும், பௌர்ணமி வாரியாகவும் தர வேண்டும். சம்மதம் கேட்கும்போது எதற்கு, யாருக்கு, எத்தனை நாளுக்கு என்று தமிழில் சொல்ல வேண்டும். கேட்காமலே கடனைத் திணித்து ஆசை காட்டுவது தண்டலின் இன்னொரு முகம். அதற்கும் கடிவாளம் வேண்டும். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-ன்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். 2024-ல் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலை, இந்தக் குழுவின் வழியாகவே வியாபாரிகளுக்குக் கணக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம். வணிகவரித் துறையையும் வங்கியையும் அதே மேசையில் உட்கார வைக்கலாம். வியாபாரிகள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள், வீட்டுப் பணத்தை அதில் கலக்காதீர்கள். உங்கள் உழைப்பில் உருவான கணக்கு அது. அதைக் கேட்டு வாங்குங்கள், படியுங்கள், கடன் கேட்கப் போகும்போது அதையே மேசைமேல் வையுங்கள்.